விருந்தினன் நீதிபதியாகலாமா?

உம்ராவுக்குச் சென்று திரும்புவோர் கொண்டுவரும் பொருள்கள் எவை என்பதை நாம் அறிவோம். ஜம்ஜம் நீர், பேரீத்தம்பழம், தொழுகை விரிப்பு, தஸ்பீஹ் மணி. அண்மைக் காலமாக இவற்றோடு இன்னொன்றும் வந்து இறங்குகின்றது. அதுதான் தீர்ப்பு. "அந்த ஊர்க்காரர்களுக்குத் தொழவே தெரியவில்லை." "பெயர்தான் முஸ்லிம். பெண்கள் தலையில் முக்காடு இல்லை." "ஆப்பிரிக்கக்காரர்களுக்கு ஒழுங்கென்பதே கிடையாது." பதினைந்து நாளில் மூன்று நாடுகளைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்து வந்தவர், அங்கே நாற்பதாண்டு காழியாக வீற்றிருந்தவரைப் போலத் தீர்ப்பு வழங்குகின்றார். கூடத்தில் குழுமியிருக்கும் உற்றார் உறவினர் தலையசைத்துக் கேட்கின்றனர். பிள்ளைகளும் கேட்கின்றனர். நம் கவலையெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியதே.

முன்னாளில் கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற நம் பெரியோர், புறப்படுமுன் வீடு வீடாகச் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டனர். இன்றும் அவ்வழக்கம் முற்றாக அழிந்துவிடவில்லை. போகும்போது தம் பிழைக்கு மன்னிப்புக் கேட்டவர், வரும்போது பிறர் பிழைகளின் பட்டியலோடு வருவது எவ்வகையில் முறையாகும்?

இது புதிய நோயன்று. நம் பண்டைப் பயணிகளிலேயே பெரும் புகழ் பெற்றவரிடத்தும் இது இருந்தது. நம் மேடைகளில் இப்னு பதூதாவின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளாத பேச்சாளர் அரியர். 1325-இல் தஞ்சாவைவிட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகைச் சுற்றி, 1355-இல் தம் பயண நூலை நிறைவு செய்வித்த அப்பெருமகனாரின் துணிவை நாமும் போற்றுகின்றோம். ஆனால் அவருடைய நூலைப் புரட்டாமல் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. புரட்டிப் பாருங்கள், நம் கூடத்தில் கேட்ட அதே தீர்ப்புகள் அங்கேயும் காத்திருக்கின்றன.

மாலைத் தீவுகளுக்கு அவர் 1343-இல் சென்றார். அவ்வூரார் நல்ல முஸ்லிம்கள் என்றும், தூய்மையை விரும்பி நாளுக்கு இருமுறை குளிப்பவர்கள் என்றும் அவரே எழுதுகின்றார். ஆயினும் காழியாக அமர்த்தப்பட்டதும், அங்குள்ள பெண்கள் இடுப்புக்குக் கீழ் மட்டும் துணி உடுத்துவதை மாற்றிவிட முனைந்தார், இயலவில்லை. தம் வழக்குமன்றத்துக்கு வரும் பெண்கள் உடலை மூடி வரவேண்டும் என்ற அளவில் அவருடைய ஆணை நின்றுவிட்டது. திருடன் ஒருவனின் கையைத் துண்டிக்க அவர் ஆணையிட்டபோது, அவையிலிருந்தோர் பலர் மயங்கி விழுந்தனராம். அவர் அதனை அம்மக்களின் மென்மைக்குச் சான்றாகச் சொல்கின்றார். நமக்கோ வேறொரு வினா எழுகின்றது. நேற்று வந்திறங்கிய ஒருவர், அந்த மண்ணின் மனத்தை அறியுமுன்னரே நீதிபதியின் இருக்கையில் ஏறியதன் விளைவன்றோ அது?

மாலி நாட்டுக்கு அவர் சென்றது 1352-இல். ஸஹாராவைக் கடந்து வலாத்தா நகரை அடைந்ததும், தினைமாவில் தேனும் பாலும் கலந்து ஒரு சுரைக்குடுவையில் வைத்து விருந்தளித்தனர். இதற்காகவா எம்மை அழைத்தீர்கள் என்பது போல் முகம் சுளித்தார். மாலி மன்னர் மன்ஸா ஸுலைமான் மூன்று ரொட்டியும், பொரித்த மாட்டிறைச்சித் துண்டொன்றும், தயிரும் அனுப்பியபோது, பட்டாடையையும் பொன்னையும் எதிர்பார்த்திருந்த அவர் வாய்விட்டுச் சிரித்தார். இதனைப் பெரிதென எண்ணிய அம்மக்களின் அறிவைக் குறைத்தும் எழுதினார். வறண்ட நிலத்தில் வாழ்வோர் தம்மிடமிருந்ததைத் தந்தனர். தில்லி சுல்தானின் அரண்மனைக் கொடையால் பழகிய கண்ணுக்கு அது சிறிதாய்ப் பட்டது. குறை உணவிலா, கண்ணிலா?

அதே மாலியைப் பற்றி அவரே எழுதிய நற்சொற்களும் உண்டு. அந்நாட்டில் அநீதி அரிது, வழிப்போக்கனுக்கு அச்சமில்லை, அயலான் இறந்தால் அவன் பொருளை எவரும் தொடுவதில்லை, தொழுகையில் தளர்வதில்லை, பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்வதில் பெற்றோர் காட்டும் கண்டிப்புக்கு எல்லையில்லை என்றெல்லாம் அடுக்குகின்றார். நாம் அவரை முழுதும் தள்ளிவிடாமைக்கு இந்த நேர்மையே காரணம். இன்னொன்றும் உண்டு. மதுரையிலிருந்து மஅபர் நாட்டை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், பெண்களையும் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு, அவன் தம் மார்க்கத்தான், தமக்கு உறவினனுங்கூட என்பதையும் பாராமல் வன்மையாகக் கண்டித்து எழுதினார். கண்டிக்க வேண்டிய இடம் அதுதான். கொலையையும் கொடுமையையும் கண்டிக்கும் நாவு வேறு. தினைக்கூழைக் கண்டு சுளிக்கும் முகம் வேறு. நம்மவரோ இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றனர்.

வலாத்தாவில் அவரை மிகவும் திகைக்க வைத்தது, அவ்வூர் முஸ்லிம்களிடையே மகனுக்கன்றிச் சகோதரியின் மகனுக்கே சொத்துச் செல்லும் வழக்கம். அவர் மாலைத் தீவிலிருந்து வரும் வழியில் காயல்பட்டினத்தில் சில மாதங்கள் தங்கி, இன்றைய நம் வாழ்வைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதைக் காயலிலும் கீழக்கரையிலும் எவரும் விந்தையாக நோக்குவதில்லை. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்கள் தாய்வழியாகவே குடி சொல்கின்றனர். இவற்றைப் பார்த்து, "இதென்ன முஸ்லிம் ஊர்!" என்று ஓர் அரபியோ, வடநாட்டவரோ சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? எப்படி இருக்குமென நாம் கற்பனை செய்யவும் தேவையில்லை. உருது பேசத் தெரியவில்லை என்பதற்காகவே நம் முஸ்லிம்மையை ஐயத்தோடு நோக்கிய வடநாட்டுச் சகோதரர்களை நம்மில் பயணம் செய்தோர் பலரும் சந்தித்திருப்பர். அந்தப் பார்வை நம் நெஞ்சில் தைத்தது. அதே முள்ளை எடுத்துச் சென்று உஸ்பெக்கியர் நெஞ்சிலும் நைஜீரியர் நெஞ்சிலும் தைக்கின்றோமே, இது நியாயமா?

தீர்ப்புச் சொல்லி வந்த இப்னு பதூதாவும் ஒருநாள் தீர்ப்புக்குள்ளானார். கருங்கடற்கரையிலுள்ள ஸினூப் நகரத்தில் அவர் தொழுதபோது, மாலிக்கி மத்ஹபின்படி கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டிருந்தார். அவ்வூரார் ஹனஃபிகள், மாலிக்கி முறையை அறியாதவர்கள். இவர் ராஃபிழியாக இருப்பாரோ என ஐயுற்று, சோதித்துப் பார்க்க ஒரு முயலை அனுப்பி வைத்தனர். ராஃபிழிகள் முயல் உண்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. இவர் அதனை அறுத்துச் சமைத்து உண்ட செய்தி போய்ச் சேர்ந்த பின்னரே ஐயம் நீங்கிற்றாம். முயற்கறியால் தம் ஈமானை நிலைநாட்ட வேண்டிய நிலை ஒரு காழிக்கு வந்தது! இன்று மஸ்ஜிதுல் ஹராமில் கைகளைத் தொங்கவிட்டுத் தொழும் மேற்கு ஆப்பிரிக்க மாலிக்கியைப் பார்த்து, "இவருக்குத் தொழத் தெரியவில்லை" என்று முணுமுணுக்கும் நம்மவர், ஸினூப்வாசிகளைவிட ஒரு படி கீழே நிற்கின்றனர். அவர்களாவது முயலை அனுப்பிச் சோதித்தனர். நம்மவர் சோதிப்பதுமில்லை.

இவர்களுக்கு மாற்றாக ஒருவரைக் காட்ட வேண்டுமானால், நாம் அல்பிரூனியைக் காட்டுவோம். குவாரிஸ்மில் 973-இல் பிறந்த அவரை 1017-இல் கஸ்னி மஹ்மூது தன் அவைக்குக் கொண்டு சென்றான். அவன் இந்தியாவுக்குப் படையோடு வந்தான். அல்பிரூனியோ எழுதுகோலோடு வந்தார். ஸமஸ்கிருதம் கற்றார், பதஞ்சலியின் நூலை அரபியில் பெயர்த்தார், ஏறத்தாழ 1030-இல் இந்தியா பற்றிய பெருநூலை முடித்தார். இந்துக்களின் கொள்கையை மறுக்க இந்நூலை எழுதவில்லை, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் முறையிலேயே எடுத்துரைக்கின்றேன் என்பது அவர் மேற்கொண்ட நெறி. அவரும் குறை கூறாதவரல்லர். இந்துக்கள் தம் நாட்டையும் தம் அறிவையுமே பெரிதென எண்ணுவதாகக் கடிந்து பேசுகின்றார். முஸ்லிம்களின் உடையையும் வழக்கத்தையும் சொல்லித் தம் குழந்தைகளை அவர்கள் பயமுறுத்துவதையும் குறிக்கின்றார். குறித்த கையோடு, நீதியாகப் பேசுவதானால் அயலாரை இழிவாக எண்ணுவது நம்மிடமும் உண்டு, எல்லாச் சமுதாயத்தாரிடமும் உண்டு என்று ஒப்புக்கொள்கின்றார். மஹ்மூதின் படையெடுப்புகளே முஸ்லிம்கள்மீது இந்துக்களுக்கு வெறுப்பு வளரக் காரணமாயின என்றும் மறைக்காமல் எழுதுகின்றார். எழுதியவர் அந்த மஹ்மூதின் அவைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்துக்களின் விந்தை வழக்கங்களைப் பட்டியலிடும் இடத்தில் அவர் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒன்று விந்தையாகத் தோன்றுவது அதன் இயல்பினால் அன்று. அதை நாம் அரிதாகக் காண்பதால்தான் என்கின்றார். அத்துடன் இஸ்லாத்துக்கு முந்திய அரபியரிடம் இருந்த வழக்கங்களையும் எடுத்துக்காட்டித் தம்மவர் செருக்கை அடக்குகின்றார். ஆயிரமாண்டுக்கு முன் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்று, விமானச் சீட்டு வாங்கும் நம்மவர் காதில் இன்னும் விழவில்லை.

புகாராவில் ஒரு குழுவினருடன் நாம் தங்கியிருந்தபோது கண்டதைச் சொல்ல வேண்டும். இமாம் புகாரி (ரஹ்) பிறந்த ஊர் என்ற பக்தியோடு வந்திருந்த குழு அது. பகலுணவுக்கு ஒரு வீட்டில் ஏற்பாடு. உஸ்பெக்கியர் ரொட்டியை மிகக் கண்ணியமாகக் கருதுவர். கையால் பிய்த்தே பகிர்வர். கவிழ்த்து வைப்பதை விரும்பார். நம்மவர் ஒருவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறெதையோ எடுத்தார். அவ்வீட்டு மூதாட்டி ஒன்றும் பேசாமல் வந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அதே அன்பர் சற்று நேரத்தில், பரிமாற வந்த இளம்பெண்ணைச் சுட்டி, "முஸ்லிம் பெண் ஏன் தலையை மூடவில்லை என்று கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேட்கவில்லை, தேநீர் வேண்டுமா என்று பேச்சை மாற்றிவிட்டார். அந்த மனிதரின் பண்பாட்டுக்கு நாம் அன்று நன்றி செலுத்தினோம்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எவருக்குண்டு? சோவியத் ஆட்சி 1927 மார்ச் 8-ஆம் நாள் அந்நாட்டில் முகத்திரையை எதிர்த்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பெண்கள் பொதுவிடங்களில் பரஞ்சாவைக் கழற்றித் தீயிலிட வைக்கப்பட்டனர். அப்படிக் கழற்றியமைக்காகச் சொந்த ஊராராலும் உறவினராலும் கொல்லப்பட்ட பெண்கள் ஏராளம். கழற்று என்று ஆட்சி நெருக்க, கழற்றினால் கொல்வோம் என்று தெரு நெருக்க, இடையில் நின்றவர் பெண். பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் மூடப்பட்டன. உஸ்பெக் மொழியிலிருந்து அரபு எழுத்து அகற்றப்பட்டு முதலில் லத்தீன் எழுத்தும், பின்னர் 1940-இல் ரஷ்ய எழுத்தும் திணிக்கப்பட்டன. பாட்டனார் எழுதி வைத்த கிதாபைப் பேரனால் படிக்க இயலவில்லை. புகாராவின் மீர் அரப் மத்ரஸா 1940-களில் மீண்டும் திறக்கப்பட்ட பின், நெடுங்காலம் அந்தப் பரந்த சோவியத் நாடு முழுவதற்கும் அது ஒன்றே மத்ரஸாவாக இருந்தது. இவ்வளவையும் கடந்து, 1991-இல் சோவியத் ஆட்சி வீழும்வரை, வீட்டுக்குள் ஸலவாத்தையும் ஜனாஸாத் தொழுகையையும் காத்து வைத்திருந்த மக்கள் அவர்கள். நம்மை எவரும் அப்படி அடக்கவில்லை. ஆயினும் நம் பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் படிக்க நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எவர் கட்டாயமுமின்றி நாமே கைவிட்டோம். ஸமர்கந்தில் போய் முக்காட்டைக் கணக்கெடுக்குமுன் நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது நலம்.

இங்கே ஒரு சாரார் நம்மை மறிப்பர் என்பதை அறிவோம். "நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் கடமையன்றோ? பிற நாட்டார் வழக்கத்தையெல்லாம் மதிக்கப் புகுந்தால் ஹலால் ஹராம் என்ற வரம்பு என்னாவது?" என்பர். வரம்பு எங்கும் போய்விடாது. விலக்கப்பட்டதை நீங்கள் உண்ண வேண்டாம். விலக்கப்பட்ட இடத்துக்குச் செல்ல வேண்டாம். செய்யாமலிருப்பதற்கும் இழித்துரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே நாம் பேசுகின்றோம். இமாம்கள் கருத்து வேறுபட்ட விஷயங்களில் ஒருவரையொருவர் கண்டிக்கலாகாது என்பது நம் உஸூல் அறிஞர்கள் வகுத்த விதி. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) மிஸ்ருக்குச் சென்றபின் தம் பழைய தீர்ப்புகள் பலவற்றை மறுஆய்வு செய்து மாற்றியமைத்ததாலன்றோ, கவ்லு கதீம் என்றும் கவ்லு ஜதீத் என்றும் நாம் ஓதுகின்றோம்? அவர்கள் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அடங்கிய இடத்தருகே தொழுதபோது, அவ்விமாமுக்கு மதிப்பளித்து ஸுப்ஹில் குனூத்தை விட்டார்கள் என்று மத்ரஸாக்களில் சொல்லப்படும் செய்தியை, கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மக்கள் நன்கறிவர். மத்ஹபின் இமாமே விருந்தினராக நடந்துகொண்ட இடத்தில், அவரைப் பின்பற்றும் நாம் நீதிபதியாகலாமா?

விருந்தினனின் எல்லை எதுவென்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுத்துச் சென்றுள்ளார்கள். ஒருவரின் ஆளுகைக்குட்பட்ட இடத்தில் அவர் இசைவின்றி இமாமாக முன்னிற்கவும் கூடாது, அவருக்குரிய இருக்கையில் அமரவும் கூடாது என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. இருக்கையில் அமர்வதற்கே இசைவு வேண்டுமென்றால், வீட்டாரின் வாழ்க்கையின்மீது தீர்ப்புக் கூற இசைவு வேண்டாமா? மனிதரைப் பல இனத்தாராகவும் குலத்தாராகவும் ஆக்கியதன் நோக்கத்தைக் கூறும் ஹுஜுராத் அத்தியாயம், அறிதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லையே எடுத்தாள்கின்றது. அந்தச் சொல்லின் அமைப்போ இருபாலும் நிகழும் வினையைக் காட்டுவது. நான் உன்னை அறிகின்றேன், நீ என்னை அறிகின்றாய் என்பது அதன் கருத்து. ஒருவர் மேடையிலும் மற்றவர் கூண்டிலும் நிற்பதற்கு அதில் இடமில்லை.

முஸ்லிமல்லாத நாடுகளுக்குச் செல்வோர்க்கும் இதுவே விதி. இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொள்வதை அந்நாட்டுப் பௌத்தர்கள் அவமதிப்பாகக் கருதுகின்றனர். நம் இளைஞர் சிலர், "நாம் சிலையை வணங்குவோரல்லரே, நமக்கென்ன?" என்று வாதிடுகின்றனர். வணங்கும்படி எவரும் கேட்கவில்லை. பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்பது குர்ஆன் நமக்கிட்ட கட்டளை. ஏச்சு நாவினால் மட்டும் நிகழ்வதன்று.

படமெடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹாலந்து நாட்டு ஸ்னூக் ஹுர்கிரோன்யே என்பவர் 1885-இல் அப்துல் கஃப்பார் என்னும் பெயரோடு மக்காவில் சில மாதங்கள் தங்கினார். மக்காவாசிகளின் வீடுகளில் உண்டார். அவர்களின் பாடவட்டங்களில் அமர்ந்தார். ஊர் திரும்பி அவர்களைப் பற்றி நூலும் படத்தொகுதியும் வெளியிட்டார். அவருக்குப் படங்களை எடுத்தனுப்பிய மக்கா மருத்துவர் ஒருவர். அவருடைய பெயரும் அப்துல் கஃப்பாரே. அந்தப் படங்கள் அவர் பெயரின்றியே அச்சேறின. அதே ஸ்னூக் பின்னர் டச்சுக் குடியேற்ற அரசின் ஆலோசகராகி, அச்சே முஸ்லிம்களை அடக்கும் போருக்கு வழி சொன்னார். விருந்துண்ட வீட்டை வேவு பார்த்த கதை இது. இதைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு கொதிக்கின்றது, கொதிக்கத்தான் வேண்டும். அப்படியானால், கஅபாவின் முன் கண்ணீர் வடித்து நிற்கும் முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் முகத்தருகே கைப்பேசியை நீட்டிப் படமெடுத்து, ஊர்க்குழுக்களுக்கெல்லாம் அனுப்பி வைக்கும் நம் ஹாஜியை என்னவென்பது? ஸ்னூக்கின் நோக்கம் அவருக்கில்லை, ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் பிறர் வீட்டில் நுழையுமுன் ஸலாம் சொல்லி இசைவு பெறுக என்று குர்ஆன் கற்பித்த ஒழுக்கம், மனிதரின் முகத்துக்கும் பொருந்தாதா?

ஹரமின் ஸஃப்பிலே இன்னொரு குறையும் தலைகாட்டுகின்றது. அதை எழுதவே கூசுகின்றது. பிள்ளைக்கு பிலால் என்று பெயர் சூட்டி மகிழ்கின்றோம். அந்த பிலாலின் நிறத்தார் ஒருவர் பக்கத்தில் வந்து தோளோடு தோள் சேர்த்து நின்றால், மெல்ல நகர்ந்து இடைவெளி விடுகின்றோம். "காப்பிரி" என்ற சொல் இன்னும் நம் வீடுகளில் புழங்குகின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் அவர் முன்னாலேயே புழங்குகின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லத் தேர்ந்தெடுத்த குரல் எந்த நாட்டுக்குரியது என்பதை அந்த வேளையில் எவரும் நினைப்பதில்லை.

பழியைப் பயணிகள்மீது மட்டும் சுமத்துவது முறையன்று. குழுவோடு வழிகாட்டியாகச் செல்லும் ஆலிம்கள் நம்மவர். நாமும் அப்படிச் சென்றவர்களே. புறப்படுமுன் நடக்கும் கூட்டத்தில் இஹ்ராம் கட்டும் முறையையும் பெட்டியின் எடையையும் சொல்கின்றோம். செல்லும் நாட்டாரின் மத்ஹப் எது, அவர்கள் பட்டது என்ன, விருந்துக்கு அமரும் முறை எது என்று அரைமணி நேரம் சொல்வதில்லை. "ரஹ்மத்" என்றால் உஸ்பெக் மொழியில் நன்றி. நமக்குத் தெரிந்த சொல்தான். அந்த ஒரு சொல்லைக்கூடக் கற்றுக்கொடுக்காமல் நாற்பது பேரை ஒரு நாட்டில் கொண்டுபோய் இறக்குகின்றோம். வரும் பருவத்தில் குழு அழைத்துச் செல்லும் ஆலிம்கள், கட்டணத்தைச் சொல்லும் தாளின் பின்புறத்திலேனும் இவற்றை அச்சிட்டுக் கொடுக்கட்டும். பயணம் செய்வோரும் பணம் கட்டுமுன் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்து, பின்புறம் வெறுமையாக இருந்தால் ஏனென்று கேட்கட்டும்.